நீலத் தொட்டிக்கு முன்னால் ஒரு தராசும் ஒரு கேமராவும்: மறுபயனீட்டுக் கழிவைச் சுத்தமாகச் சேர்க்க முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் மறுபயனீட்டுக்கு ஒரு கருவி செய்யலாம் என்று உட்காருபவர்கள் பெரும்பாலும் கேமராவிடம் கேட்பது, "இது பிளாஸ்டிக்கா, காகிதமா, உலோகமா?" என்ற கேள்வியைத்தான். வீட்டுப் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு வேலையே கிடையாது. புளோக்கின் அடியில் நிற்கும் நீலத் தொட்டி நான்கையும் ஒன்றாக வாங்கிக்கொள்கிறது. காகிதமும் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் உலோகமும் ஒரே லாரியில் ஏறி ஆலையில்தான் பிரிகின்றன. அங்கே அதற்கு ஆட்கள் உண்டு, காந்தம் உண்டு, அகச்சிவப்பு ஒளியில் பிளாஸ்டிக் வகையைக் கண்டுபிடிக்கும் இயந்திரமும் உண்டு. ஆனால் கோப்பி கொட்டி ஊறிப்போன செய்தித்தாளைத் திரும்ப உலர்ந்த தாளாக்க எந்த ஆலைக்கும் வழி தெரியாது.

நீலத் தொட்டிகளில் சேர்வதில் ஏறத்தாழ 40 விழுக்காடு மறுபயனீட்டுக்கு ஆகாதது என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. வீட்டுக் கழிவின் மறுபயனீட்டு விகிதம் 2022, 2023 இரண்டு ஆண்டிலும் 12 விழுக்காடுதான். ஒதுக்கப்பட்டவை எரியாலைக்குப் போகின்றன. சாம்பல் 1999-இல் திறக்கப்பட்ட செமாக்காவ் குப்பை நிலத்துக்குப் போகிறது, அது 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது அதிகாரபூர்வக் கணக்கு.

ஆகவே கருவி கேட்க வேண்டியவை இரண்டு: இதற்குள் ஈரம் இருக்கிறதா? இது இந்தத் தொட்டிக்கு வரக்கூடியதா? முதல் கேள்விக்குக் கேமராவைவிடத் தராசு நன்றாகப் பதில் சொல்லும். இந்த வழிகாட்டி முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. தொட்டியின் வாய்க்கு முன்னால் ஒரு தராசுத் தட்டு, அதற்கு மேல் ஒரு கேமரா, தொட்டி மூடியில் ஒரு நிரம்பல் சென்சார்: கருவி இவ்வளவுதான்.

எங்கே வைப்பது

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் நீலத் தொட்டியில் உங்கள் விருப்பப்படி எதையும் பொருத்த முடியாது. தொட்டி கழிவு சேகரிக்கும் நிறுவனத்தின் பொறுப்பு, இடம் நகர மன்றத்தின் பொறுப்பு. இருவரின் எழுத்துபூர்வ ஒப்புதலும் வேண்டும். முதல் முயற்சிக்கு அது தேவையில்லாத தலைவலி. கொண்டோமினியத்தின் தொட்டி அறை, பள்ளிச் சிற்றுண்டிச்சாலை, அலுவலகச் சமையல் மூலை, அன்னதானம் நடக்கும் கோயில் மண்டபம் போன்ற இடங்களில் ஆரம்பியுங்கள். மூன்று விஷயம் இருந்தால் போதும்: மழைச் சாரல் அடிக்காத கூரை, 230 வோல்ட் மின்செருகி, தினமும் ஒருமுறை தட்டைத் துடைக்கப் பெயர் சொல்லக்கூடிய ஒருவர். மூன்றாவது கிடைக்காத இடத்தில் மற்ற இரண்டும் வீண்.

2014 முதல் விற்பனைக்கு வந்த புதிய வீவக வீடுகளில் மறுபயனீட்டுக்கெனத் தனிக் குழாய் இருக்கிறது. அங்கே தட்டும் கேமராவும் வைக்க இடமில்லை. குழாயின் அடித்தொட்டியில் நிரம்பல் சென்சார் மட்டும் பொருத்தலாம்.

எதையும் வாங்கும் முன்: கையால் எண்ணுதல்

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்களால் கடைசியில் எதையும் நிரூபிக்க முடியாது. இரண்டு வாரம், வாரத்துக்கு இருமுறை, லாரி வருவதற்கு முன் தொட்டியைக் காலி செய்து 3 மீட்டருக்கு 3 மீட்டர் தார்ப்பாயில் பரப்புங்கள். உடைந்த கண்ணாடி நிச்சயம் இருக்கும், ஆகவே கிழியாத கையுறையும் மூடிய காலணியும் வேண்டும். ஏழு குவியலாகப் பிரியுங்கள்: சுத்தமான காகிதம், சுத்தமான பிளாஸ்டிக், உலோகம், கண்ணாடி, உணவோ திரவமோ பட்டது, தொட்டிக்கே வரக்கூடாதது, கட்டியபடியே கிடக்கும் பை. ஒவ்வொன்றையும் 50 கிராம் துல்லியமுள்ள தொங்குதராசில் நிறுத்து எழுதுங்கள்.

கடைசிக் குவியல் பெரும்பாலும் ஆச்சரியப்படுத்தும். பலர் வீட்டில் சேர்த்ததை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டு அப்படியே எறிகிறார்கள். உள்ளே பாதி சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் பைக்குள் ஒரே ஒரு மூடாத பானக் குவளை இருந்தாலும் மீதியெல்லாம் போச்சு. பையைத் திறந்து பார்த்து உள்ளே எவ்வளவு நல்லது, எவ்வளவு கெட்டது என்று தனியாகக் குறியுங்கள்.

ஓர் உதாரணம்: மொத்தம் 42 கிலோ, அதில் கடைசி மூன்று குவியலின் கெட்ட பகுதி மட்டும் 15 கிலோ என்றால் மாசு 36 விழுக்காடு. பின்னால் ஒப்பிடப் போவது இந்த எண்ணைத்தான். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரத்திலும் தீபாவளி வாரத்திலும் எடுக்காதீர்கள். வீடு சுத்தம் செய்யும் நாளில் வரும் தொட்டியும் முறுக்கு டின் காலியாகும் நாளில் வரும் தொட்டியும் சாதாரண நாளுக்குச் சாட்சி சொல்லாது.

நிரம்பல் சென்சார்

தொட்டி நிரம்பி வழிந்தால் மக்கள் அட்டைப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். மழை பெய்தால் அது கூழ். அதனால் நிரம்பல் அளவு தெரிவதும் மாசு குறைக்கும் வேலைதான்.

660 லிட்டர் தொட்டி சுமார் 1.2 மீட்டர் உயரம். மூடியின் உட்புறம் கீழ்நோக்கி ஒரு தூர அளவி வேண்டும். மலிவான தேர்வு மீயொலி வகை. நீர் புகாத ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி எங்கும் கிடைக்கும், ஆனால் அதற்கு முன்னால் 20 முதல் 25 செ.மீ. வரை எதையும் அளக்க முடியாத குருட்டுப் பகுதி. நமக்கு மிக முக்கியமான "நிரம்பப் போகிறது" என்ற கட்டமே அந்தக் குருட்டுப் பகுதிக்குள்தான் வருகிறது. ஒலியின் வேகம் வெப்பத்தோடு மாறுவது இன்னொரு தொல்லை: 20 பாகை செல்சியஸில் விநாடிக்கு 343 மீட்டர், 30 பாகையில் 349. வெயிலில் நின்ற மூடிய தொட்டிக்குள் இன்னும் கூடும்.

லேசர் வகையான விஎல்53எல்1எக்ஸ் இதைவிடப் பொருத்தம். அதை நெடுந்தூர முறையில் ஓட்டாதீர்கள். மூடி திறந்து வெளிச்சம் உள்ளே வந்தால் நெடுந்தூர முறையின் எல்லை பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். குறுந்தூர முறை 1.3 மீட்டர் வரை வெளிச்சத்துக்கு அசையாமல் நிற்கும், நம் தொட்டிக்கு அதுவே சரியான அளவு. பார்வைக் கோணம் 27 பாகை. 1.2 மீட்டர் ஆழத்தில் அது ஏறத்தாழ 58 செ.மீ. விட்டமுள்ள வட்டம். தொட்டிச் சுவர் வட்டத்துக்குள் வந்தால் அளவு பொய்யாகும், ஆகவே சென்சாரை மூடியின் நடுவில் வையுங்கள்.

ஒரே ஒரு அளவை நம்பக் கூடாது. ஐந்து முறை அளந்து நடு எண்ணை எடுங்கள், அதுவும் அடுத்தடுத்த மூன்று சுற்றிலும் ஒத்துப்போனால்தான் "நிரம்பியது" என்று அனுப்புங்கள். செங்குத்தாக மாட்டிக்கொண்ட ஓர் அட்டைப்பெட்டி, பாதித் தொட்டியை முழுத் தொட்டியாகக் காட்டிவிடும். கூடவே ஒரு சாய்வு சென்சார் வேண்டும். மூடி திறந்திருக்கும்போது வரும் அளவை அது ஒதுக்கும், தொட்டி லாரியில் கவிழ்ந்த நேரத்தையும் அதுவே பதிந்துவிடும்.

செய்தி அனுப்ப, குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் எட்டும் லோரா வானொலி முறை போதும். சிங்கப்பூரில் ஏஎஸ்923 அலைவரிசைத் திட்டம், 920 முதல் 925 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பாவுக்கான 868 மெகாஹெர்ட்ஸ் தொகுதியை இணையத்தில் மலிவாகக் கண்டு வாங்கிவிடாதீர்கள், செய்தியை வாங்கி இணையத்துக்கு அனுப்பும் இங்குள்ள வாயிற்கருவியோடு அது பேசாது. செய்தியை 11 பைட்டுக்குள் அடக்குங்கள்: தூரம் 2 பைட், மின்கல அழுத்தம் 2, வெப்பம் 1, சாய்வு நிலை 1, வரிசை எண் 2 என்றாலும் 8 தான். அரை மணிக்கு ஒரு செய்தி தாராளம்.

பெட்டியை ஒட்டுப்பசையால் ஒட்டாதீர்கள். மூடியைத் துளைத்துத் துருப்பிடிக்காத திருகும் பின்தகடும் போட்டு இறுக்குங்கள். கவிழ்க்கும்போது கழன்று விழுந்தால் லித்தியம் மின்கலம் லாரியின் அழுத்தியில் நசுங்கும், அங்கிருந்து தீ எழ நேரம் ஆகாது.

தராசுத் தட்டு

இதுதான் கருவியின் இதயம். தொட்டியின் வாய்க்கு முன்னால் 40 செ.மீ.க்கு 40 செ.மீ. தட்டு ஒன்று, அதன் கீழ் 5 கிலோ எடைச் சென்சார். போடுபவர் பொருளைத் தட்டில் வைக்கிறார், கருவி பார்த்துச் சொல்கிறது, பின் அவரே தட்டைச் சாய்த்துத் தொட்டிக்குள் தள்ளுகிறார். தானாகச் சாய்க்கும் மோட்டார் முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம். விரல் நசுங்கும் வாய்ப்பு அதிகம், பயன் குறைவு.

ஏன் எடை? காலியான அரை லிட்டர் பிளாஸ்டிக் போத்தல் 10 முதல் 25 கிராம். 330 மி.லி. அலுமினிய டின் 13 முதல் 15 கிராம். 1.5 லிட்டர் போத்தல் 30 முதல் 40. ஒரு வாய்ப் பானம் மிச்சமிருந்தாலே 20, 30 கிராம் கூடிவிடும். டின்னுக்குள் பானம் இருப்பதை எந்தக் கேமராவும் பார்க்காது. தராசு அரை விநாடியில் சொல்லிவிடும்.

பொருத்தும் முறை: பட்டை வடிவச் சென்சாரின் ஒரு முனையைச் சட்டத்திலும் மறுமுனையைத் தட்டிலும் திருகுங்கள். இரண்டு முனையிலும் 2 மி.மீ. வளையம் வையுங்கள். நடுப்பகுதி எதையும் தொட்டால் எடை குறைவாகக் காட்டும். தட்டின் நான்கு மூலைக்கும் கீழே ஒரு தடுப்புத் திருகு, 1 மி.மீ. இடைவெளியில். யாராவது முழங்கையை ஊன்றினால் சென்சார் வளையாமல் அது தாங்கிக்கொள்ளும். தட்டுச் சாயும் கீல், எடை தாங்கும் சட்டத்துக்கு மேலே வர வேண்டும். கீல் நேரடியாகத் தொட்டி உடலில் இருந்தால் பாதி எடை அதன் வழியே போய்விடும், அளவு ஒருபோதும் நிலைக்காது.

சென்சாரின் சிறு மின்னழுத்தத்தை எண்ணாக்க எச்எக்ஸ்711 சில்லு. விநாடிக்கு 10 அளவு என்ற மெதுவான வேகத்திலேயே வையுங்கள், 80-இல் இரைச்சல் கூடும். இதை நேராக, கேமராவை ஓட்டப்போகும் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் இணைப்பது பலர் செய்யும் தவறு. சில்லின் கடிகாரக் கம்பி 60 மைக்ரோவிநாடிக்கு மேல் உயர்ந்தே நின்றால் அது தூங்கிவிடும். அந்தக் கணினியின் இயங்குதளமான லினக்ஸ் இடையில் வேறு வேலைக்குப் போனால் அந்த நேரம் எளிதில் தாண்டும், திடீரென 3 கிலோ, கழித்தல் 8 கிலோ என்று குப்பை எண்கள் வரும். தராசுக்கு ஈஎஸ்பி32 என்ற சிறு கட்டுப்பாட்டுச் சில்லைத் தனியாக ஒதுக்கி, அது சுத்தமான கிராம் கணக்கைத் தொடர்கம்பி வழியாக அனுப்பட்டும். சில்லுக்கு 3.3 வோல்ட் கொடுங்கள். 5 வோல்ட் கொடுத்தால் அதன் தரவுக் கம்பியும் 5 வோல்ட்டில் பேசும், ஈஎஸ்பி32 அதற்குத் தயாரில்லை.

அளவுத்திருத்தத்துக்குத் தெரிந்த எடை இரண்டு போதும், 100 கிராம், 1 கிலோ. தட்டின் நடுவிலும் நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள். 100 கிராமுக்கு மூலைக்கு மூலை 3 கிராமுக்கு மேல் வேறுபட்டால் திருகு சரியாக இறுகவில்லை. குளிர்சாதனக் காற்றோ மின்விசிறியோ நேராகத் தட்டில் பட்டாலும் எண் ஆடும், பக்கச் சுவர் வைத்து மறைத்துவிடலாம்.

பூஜ்ஜியமாக்கும் விதியைக் கவனமாக எழுதுங்கள். கேமரா "தட்டு காலி" என்று சொல்லி, எடையும் 2 விநாடி அசையாமல் இருந்தால் மட்டுமே பூஜ்ஜியம். எடையை மட்டும் வைத்துச் செய்தால், யாரோ வைத்துவிட்டுப் போன போத்தலும் பூஜ்ஜியத்தில் சேர்ந்துவிடும். பூஜ்ஜியம் எவ்வளவு நகர்ந்தது என்பதையும் பதியுங்கள். சர்க்கரைப் பானமும் சாம்பாரும் ஒட்ட ஒட்டத் தட்டு கனமாகும். தொடக்கத்தைவிட 40 கிராம் கூடிவிட்டால், துடைப்பவருக்குச் செய்தி போகட்டும்.

ஷூ பெட்டியைவிடப் பெரிய அட்டை தட்டுக்கு வரக்கூடாது. அதற்குத் தொட்டிப் பக்கத்தில் 8 செ.மீ. உயரம், 60 செ.மீ. அகலத்தில் ஓர் இடுக்கு வெட்டுங்கள். மடிக்காத பெட்டி அதில் நுழையாது. எந்தச் செயற்கை அறிவும் இல்லாத இந்த ஓட்டை, சில இடங்களில் கருவியின் மற்ற பாகங்கள் எல்லாவற்றையும்விட அதிகமாக வேலை செய்யும்.

கேமராப் பெட்டி

ராஸ்பெரி பை 5, குளிர்விசிறியோடு. அதன் மூன்றாம் தலைமுறைக் கேமரா. தட்டுக்கு மேல் 55 செ.மீ. உயரத்தில் நேர்கீழாகப் பொருத்தினால் 40 செ.மீ. தட்டு முழுதும் படத்தில் அடங்கும். 45-இல் வைத்தால் குறுக்கே ஓரங்கள் வெட்டுப்படும்.

தானியங்கிக் குவியத்தை நிறுத்துங்கள். 55 செ.மீ.க்கு வில்லை நிலை 1.8. வெளிச்ச நேரம், வெள்ளைச் சமநிலை இரண்டையும் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் மஞ்சள் நிறப் பை ஒன்று தட்டுக்கு வந்ததும் கேமரா நிறத்தைத் "திருத்தும்", அடுத்து வரும் வெள்ளைப் பெட்டியில் எண்ணெய்க் கறை காணாமல் போகும்.

வெளிச்சத்துக்கு நேர்மின்னில் ஓடும் எல்இடி பட்டை இரண்டு, பக்கவாட்டில் 45 பாகையில், முன்னால் பால்நிற அக்ரிலிக். 5000 கெல்வின், நிறத் துல்லியக் குறியீடு 90-க்கு மேல். கூரை விளக்கின் ஒளியும் உள்ளே வந்தால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தால் அது விநாடிக்கு 100 முறை துடிக்கும், படத்தில் வரிவரியாகக் கோடு விழும். வெளிச்ச நேரத்தை 10 மில்லிவிநாடியாக வைத்தால் கோடு மறையும். தட்டின் நிறம் பளபளப்பில்லாத நடுச் சாம்பல். வெள்ளைத் தட்டில் டிஷ்யூவும் ஸ்டைரோஃபோமும் மறையும், கறுப்புத் தட்டில் உணவு வாங்கிச் செல்லும் கறுப்பு டாபாவ் பெட்டி மறையும்.

படம் சேர்த்தல்

பொருளை அடையாளம் காணும் நிரலுக்கு, அதாவது மாதிரிக்கு, படம் காட்டித்தான் பயிற்சி தர வேண்டும். இணையத்தில் கிடைக்கும் படத் தொகுப்புகளை நம்பி இறங்காதீர்கள். டிராஷ்நெட்டில் 6 வகை, 2,527 படம். எல்லாம் வெள்ளைப் பின்னணியில் அழகாக வைத்து எடுத்தவை. டாக்கோ தொகுப்பில் 1,500 படம், 60 வகை, தெருவிலும் கடற்கரையிலும் கிடந்த குப்பை. பழகிப் பார்க்க இரண்டும் நல்லவை. நம் தட்டுக்கு வருவதோ கயிறு கட்டிய கோப்பிப் பை, உறிஞ்சுகுழல் குத்திய பபிள் டீக் குவளை, நாசி லெமாக் கட்டிய பழுப்புத் தாள்.

அந்தப் பழுப்புத் தாளைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் மெழுகு அல்லது பிளாஸ்டிக் பூச்சு, மறுபக்கம் எண்ணெய். மேலிருந்து பார்த்தால் எந்த மாதிரியும் "காகிதம்" என்றே சொல்லும். அதற்குத் தனி வகையே வையுங்கள்.

எங்கள் பரிந்துரை ஒன்பது வகை: போத்தல், டின், கண்ணாடி, காகிதமும் அட்டையும், பிளாஸ்டிக் உணவுப் பெட்டி, பழுப்புத் தாளும் டிஷ்யூவும், ஸ்டைரோஃபோம், துணியும் காலணியும், கட்டிய பை. பத்தாவதாக மின்கலமும் மின்சாதனமும் சேர்க்கலாம். 2021 ஜூலை முதல் மின்கழிவுக்குத் தனிச் சேகரிப்பு முறை நடப்பில் இருப்பதால், திரையில் அந்தத் தொட்டிக்கு வழி காட்டிவிடலாம். உணவுப் பெட்டிக்கும் காகிதத்துக்கும் மட்டும் "கறை உண்டு", "கறை இல்லை" என்ற கூடுதல் குறி.

வகைக்கு 300 படமாவது வேண்டும், மொத்தம் 3,000. ஒரே பொருளைப் பத்துக் கோணத்தில் எடுத்தால் அது பத்துப் படமாகக் கணக்கில் வராது, ஒரு பொருள்தான். பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிக்கும்போது பொருள் வாரியாகப் பிரியுங்கள். ஒரே போத்தலின் படம் இரண்டு பக்கமும் இருந்தால் சோதனையில் 98 விழுக்காடு வரும், தொட்டிக்கு முன்னால் 70-ஆக விழும். நசுங்கியது, ஈரமானது, பாதி கிழிந்தது, இரண்டு மூன்று ஒன்றாகக் கிடப்பது, வெறும் கை, காலித் தட்டு எல்லாம் தொகுப்பில் இருக்க வேண்டும்.

தட்டுக்கு வரும் காகிதத்தில் வங்கிக் கடிதமும் பார்சல் முகவரியும் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். முகம் படாததால் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மைத் தொடாது என்று நினைப்பது தவறு. பெயரும் முகவரியும் தனிநபர் தரவுதான். முழுப் படத்தை நினைவகத்தில் மட்டும் வைத்துத் தீர்ப்பு வந்ததும் அழியுங்கள். மறுபயிற்சிக்குச் சேமிப்பவற்றை 320 பிக்சலுக்குச் சுருக்குங்கள், சேமித்த பின் பார்த்து எழுத்து படிக்க முடிந்தால் அந்தப் பகுதியை மங்கலாக்குங்கள். பெட்டியின் வெளியே நான்கு மொழியிலும் ஓர் அறிவிப்பு ஒட்டுங்கள்.

பயிற்சி

இந்தப் பகுதியைப் பற்றி எல்லோரும் நீட்டிப் பேசுவார்கள், உண்மையில் இது ஒரு பிற்பகல் வேலை. படத்தில் பொருளைக் கண்டுபிடிக்கும் யோலோ 8-இன் மிகச் சிறிய நானோ மாதிரி போதும், 32 லட்சம் அளவுருக்கள்தான். 640 பிக்சல், 100 சுற்று, தொகுதிக்கு 16 படம். பயிற்சியின்போது படங்களின் நிறத்தை மாற்றிப் புதுப் படம் உண்டாக்கும் செயற்கை விரிவாக்கத்தைக் கிட்டத்தட்ட பூஜ்ஜியமாக்குங்கள். சம்பால் கறையை அடையாளம் காட்டுவதே நிறம்தான், அதைக் குழப்பினால் மாதிரி எதைக் கற்கும்? மேலிருந்து எடுத்த படம் என்பதால் தலைகீழாகத் திருப்புவது பாதிக்காது.

முடிந்ததும் சிறு கணினியில் வேகமாக ஓடும் என்சிஎன்என் வடிவத்துக்கு மாற்றினால் ராஸ்பெரி பை 5-இல் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 0.1 விநாடி. தொடர்ந்து ஓட்டத் தேவையில்லை. எடை நிலைத்ததும் ஒரே ஒரு படம் எடுத்துப் பார்த்தால் போதும். கணினியும் சூடாகாது. விற்பனைக்கான கருவியாக மாற்ற நினைத்தால் உரிமத்தைப் படியுங்கள். யோலோ 8 ஏஜிபிஎல் உரிமத்தில் வருகிறது, உங்கள் நிரலை மூடி வைக்க வேண்டுமானால் அதற்குத் தனி உரிமம் வாங்க வேண்டும்.

தீர்ப்பு விதி

மாதிரி பெயரைச் சொல்கிறது, தராசு எடையைச் சொல்கிறது, இரண்டையும் சேர்த்துத் தீர்ப்பது சில எளிய விதிகள். டின் 25 கிராமுக்கு மேல் என்றால் உள்ளே திரவம். கெட்டிப்பால் டின் இரும்பு, ஆகவே கனம். மேலே சொன்ன வகைகளோடு அதையும் தனி வகையாகச் சேர்க்காவிட்டால் நல்லதைத் தவறாகத் தடுப்பீர்கள். சிறிய போத்தலுக்கு எல்லை 35 கிராம், படத்தில் 25 செ.மீ.க்கு மேல் நீளமுள்ளதற்கு 60. உணவுப் பெட்டிக்கு 50 கிராம் அல்லது கறை, எது வந்தாலும் தடை. கட்டிய பை என்றால் "அவிழ்த்துக் கொட்டுங்கள்" என்ற ஒரே பதில். தட்டில் இரண்டு பொருள் இருந்தால் எல்லைகளைக் கூட்டிக்கொள்ளலாம், மூன்றுக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றாக வைக்கச் சொல்லுங்கள்.

கண்ணாடிக்குத் தராசு உதவாது. ஒரு சிறு போத்தலே 200 கிராம், வடிவத்துக்கு வடிவம் எடை மாறும். "தலைகீழாகக் கவிழ்த்து வடித்துவிட்டீர்களா?" என்று கேட்பதே மிஞ்சும். மூடிய பீட்சா பெட்டியும் அப்படித்தான். திறந்து வைக்கச் சொன்னால்தான் எண்ணெய் தெரியும். கறுப்புப் பெட்டியில் கறுப்புச் சோயா கறையை இந்தக் கருவி பிடிக்காது. அதை ஒப்புக்கொண்டு, கறுப்பு உணவுப் பெட்டி எல்லாவற்றுக்கும் கழுவச் சொல்லிவிடுவது மேல்.

மாதிரியின் நம்பிக்கை 0.6-க்குக் கீழே இருந்தால் எதையும் தடுக்க வேண்டாம். ஒருவர் மூன்று முறை தவறாகத் தடுக்கப்பட்டால் நான்காவது முறை பொருளைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

திரை என்ன சொல்ல வேண்டும்

"தவறு" என்று சிவப்பில் எழுதினால் யாருக்கும் பிடிக்காது. செய்ய வேண்டியதை மட்டும் சொல்லுங்கள்: "இன்னும் பானம் இருக்கிறது. வாளியில் ஊற்றிவிட்டுப் போடுங்கள்." அதைச் சொல்ல வேண்டுமானால் பக்கத்திலேயே ஊற்ற ஓர் இடம் வேண்டும். 10 லிட்டர் வாளி, மேலே வடிகட்டி, கீழே குழாய். வாளி இல்லாத இடத்தில் கருவி கண்டுபிடிக்கும், மக்கள் கைவிரிப்பார்கள். தமிழ், ஆங்கிலம், சீனம், மலாய் நான்கிலும் ஒரு வரி, பெரிய படம். தொட்டி அறையில் அதிகம் வேலை செய்பவர்கள் வெளிநாட்டு ஊழியர்கள் என்றால் வங்காளமும் சேருங்கள்.

ஒத்திகையும் அளவும்

முதல் இரண்டு வாரம் திரையை அணைத்தே ஓட்டுங்கள். கருவி பார்க்கும், தீர்க்கும், பதியும், யாரிடமும் பேசாது. நிச்சயமில்லாத படங்களைத் தினமும் ஒருவர் பார்த்துக் குறியிட்டு, மாதிரியை ஒருமுறை மறுபயிற்சி செய்யுங்கள். பிறகு திரையை ஏற்றி நான்கு வாரம். அதன்பின் பழைய தார்ப்பாய், அதே ஏழு குவியல், அதே கிழமை.

மாதிரியின் துல்லியம் 92-இல் இருந்து 95-ஆனதை அறிக்கையில் முதலில் எழுதாதீர்கள். மாசு 36-இல் இருந்து எவ்வளவுக்கு வந்தது என்பதுதான் கேள்வி. துல்லியம் ஏறியும் மாசு இறங்காவிட்டால், மக்கள் தட்டைத் தாண்டி மூடியைத் திறந்து நேராகப் போடுகிறார்கள் என்று பொருள். சாய்வு சென்சார் மூடி திறந்த எண்ணிக்கையைப் பதிந்திருக்கும், தட்டின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள்.

கெடுபவை

எறும்புதான் முதல் எதிரி. இனிப்பு வாசமும் வெதுவெதுப்பான மின்சுற்றும் சேர்ந்த இடம் அவற்றுக்கு அரண்மனை. கம்பி நுழையும் ஒவ்வொரு துளையிலும் கம்பியைச் சுற்றி அடைக்கும் இறுக்கி ஒன்றைப் போடுங்கள், தூசியும் நீரும் புகாத ஐபி67 பெட்டி வாங்கிவிட்டு அதில் திறந்த துளை போட்டால் பணம் வீண். பல்லி கேமராவின் வில்லைக்கு முன்னால் வந்து நிற்கும், "தட்டு காலி" என்ற தீர்ப்பு திடீரென வராமல் போனால் முதலில் அதைப் பாருங்கள். குளிர்ந்த அறைக்குள் வெளியிலிருந்து ஈரக்காற்று புகுந்ததும் கண்ணாடி மூடியில் பனி படியும். சிலிக்கா பொட்டலம் மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். லேசர் சென்சாரின் முகப்பில் பானம் தெறித்துக் காய்ந்தால் தொட்டி எப்போதும் "நிரம்பியது" என்று நிற்கும்.

வாங்க வேண்டாதவை

உலோகம் கண்டுபிடிக்கும் தூண்டல் சென்சார் வேண்டாம். இரும்புக்கு 8 மி.மீ. எட்டும் வகை அலுமினியத்துக்கு 3 மி.மீ.தான் எட்டும், தட்டின் கனத்திலேயே அது தீர்ந்துவிடும். வாசனை பிடிக்கும் எம்க்யூ வகைச் சென்சார்கள் வேண்டாம். நம் ஈரப்பதத்தில் அவை எப்போதும் ஏதாவது ஒரு வாசனையைச் சொல்லும். பிளாஸ்டிக் வகை பிரிக்கும் மலிவு நிறமாலைச் சில்லும் வேண்டாம். பிளாஸ்டிக்கின் அடையாளம் 900 முதல் 1,700 நானோமீட்டர் வரம்பில் இருக்கிறது, அந்தச் சில்லுகள் அந்த வரம்பின் தொடக்கத்தைத் தாண்டாது. எந்திரக் கை பற்றிக் கேட்கவே வேண்டாம்.

மறுபயிற்சிக்கு ஒரு தேதி

பானக் கலன் திருப்பியளிப்புத் திட்டத்துக்கு 2026 ஏப்ரல் 1 தொடக்கத் தேதி. 150 மி.லி. முதல் 3 லிட்டர் வரையான பிளாஸ்டிக், உலோகப் பானக் கலன்களுக்கு 10 காசு வைப்புத்தொகை. காசு திரும்பக் கிடைக்கும் போத்தலும் டின்னும் நீலத் தொட்டியை விட்டு விலகும். அதற்கு முன் சேர்த்த 3,000 படத்தில் கணிசமானவை போத்தலும் டின்னுமாகத்தான் இருக்கும். தொட்டிக்குள் காகிதத்தின் பங்கு கூடும், அதாவது ஒரு சொட்டு ஈரத்துக்கும் இழப்பு கூடும். தொகுப்பை அதற்கேற்ப மாற்றி, காகிதத்தையும் உணவுப் பெட்டியையும் இரட்டிப்பாக்கி மறுபடி பயிற்சி கொடுங்கள். வைப்புத்தொகைக் குறியுள்ள போத்தல் தட்டுக்கு வந்தால் திரையில் "இதற்கு 10 காசு திரும்பக் கிடைக்கும்" என்று ஒரு வரி போடுங்கள்.